திருகோணமலையிலிருந்து பாலைவன மணல்மேடுகளுக்கு: நடந்து ஏறப் போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மணலோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு மணலில் நடக்கச் சொல்லித்தர வேண்டுமா என்று சல்லியிலோ உப்புவெளியிலோ யாராவது கேட்டால், பாதி நியாயம் அவர்கள் பக்கம்தான். கால் புதையும் இடத்தில் எப்படி நடப்பது என்று நமக்குத் தெரியும். மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. கடற்கரையில் எத்தனை தூரம் போனாலும் ஒரு பக்கம் கடல் இருக்கும், திசை தவறாது. ஈரமணல் ஓரத்தில் கால் உறுதியாக ஊன்றும். சற்று நடந்தால் ஒரு தேநீர்க் கடையோ தென்னை நிழலோ வரும். பாலைவன மணல்மேடு இந்த மூன்றில் ஒன்றையும் தராது.

கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று நம் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளில் உறவினர் இல்லாத குடும்பங்கள் குறைவு. அவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கும், அங்கேயே வேலை செய்துகொண்டு ஒரு விடுமுறை நாளில் பாலைவனத்தைக் காலால் அளந்து பார்க்க நினைப்பவர்களுக்கும், சென்னை வழியாக ராஜஸ்தான் போகிறவர்களுக்கும் இது பயன்படும். ஜீப்பில் குலுங்கியபடி மேடேறி இறங்கும் சவாரியைப் பற்றி இதில் எதுவும் இல்லை. அதற்கு வழிகாட்டி வேண்டாம், உறுதியான வயிறு போதும்.

முதற்படி: காற்றைப் படித்துக்கொள்ளுங்கள்

மணல்மேடு காற்றின் வேலை. எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே கால் புதையும், எங்கே இறங்கலாம் என்ற எல்லாக் கேள்விக்கும் விடை காற்று வந்த திசையில் இருக்கிறது. அதனால் பை கட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றரைத் தாண்டும்போது உலர்ந்த மணல் நகரத் தொடங்குகிறது. மணல் தூசியைப்போல் உயரப் பறப்பதில்லை. ஒரு துணிக்கை எழும்பி விழுகிறது, விழுந்த வேகத்தில் இன்னொன்றைக் கிளப்புகிறது. இப்படித் துள்ளித் துள்ளியே பெரும்பகுதி மணல் பயணம் செய்கிறது, அதுவும் முழங்கால் உயரத்துக்குள். காற்று வீசும் நாளில் கணுக்கால் எரிய, முகத்தில் அதிகம் படாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

காற்று மோதும் பக்கத்தில் மணல் அடித்து இறுக்கப்படுகிறது. அந்தச் சரிவு சாய்வாக, பெரும்பாலும் 10 முதல் 15 பாகைக்குள் இருக்கும். முகட்டைத் தாண்டிய மணல் மறுபக்கம் கொட்டிச் சரிகிறது. அந்தப் பக்கம் 32 முதல் 34 பாகை வரை செங்குத்தாக நிற்கும். உலர்ந்த மணல் அதற்கு மேல் நிமிர்ந்து நிற்காது. கூடுதலாகச் சேர்ந்தது உடனே வழிந்துவிடும். ஆகவே விதி எளிது. இறுகிய பக்கத்தால் ஏறுங்கள், சரியும் பக்கத்தால் இறங்குங்கள். செங்குத்துப் பக்கத்தால் ஏற முயன்றால் இரண்டு அடி வைத்து ஒன்றரை அடி சறுக்குவீர்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

எந்தப் பக்கம் எது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். மணல் மேற்பரப்பில் வரிவரியாகத் தெரியும் சிற்றலைகள் காற்றுக்குக் குறுக்காக ஓடுகின்றன. வரிகள் உள்ள பக்கம் பொதுவாக இறுகியது. வரியே இல்லாமல் வழவழப்பாகத் தெரியும் செங்குத்து முகம் சரியக்கூடியது. பிறை வடிவ மேடாக இருந்தால், அதன் இரு கொம்புகளும் காற்று போகும் திசையைக் காட்டும், முதுகுப்பக்கமாக ஏறவேண்டும். நீண்ட தொடராகக் கிடக்கும் மேடுகள் நடைக்கு மிக நல்லவை. ஒருமுறை முகட்டில் ஏறிவிட்டால் அதன் வழியே வெகுதூரம் போகலாம். பல திசைக் காற்றும் மோதும் இடங்களில் நட்சத்திர வடிவ மேடுகள் உருவாகின்றன. இவையே மிக உயரமானவை. அவற்றின் ஒரு கையைத் தேர்ந்தெடுத்து அதன் முதுகு வழியே உச்சிக்குப் போவதுதான் வழி.

கச்சானையும் வாடையையும் பிரித்தறியத் தெரிந்த நமக்கு இது புதிய பாடமல்ல. கச்சான் தென்மேற்கிலிருந்து காய்ந்து வருகிறது, வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வருகிறது. வளைகுடாவில் ஆட்சி செய்வது வடமேற்கிலிருந்து வரும் ஷமால் காற்று. ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் கோடைகாலத் தென்மேற்குக் காற்றே மேடுகளைக் கட்டுகிறது. போகுமிடத்தின் முதன்மைக் காற்றுத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணால் பார்ப்பதற்கே முதலிடம் கொடுங்கள். எதிர்க்காற்றுப் பருவத்தில் முகட்டின் உச்சி மட்டும் மறுபக்கம் திரும்பியிருப்பது உண்டு.

இரண்டாம் படி: இடமும் பருவமும்

முதலில் பருவம், ஏனென்றால் இது தவறினால் மற்றது எதுவும் உதவாது. வளைகுடாவுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை, தார் பாலைவனத்துக்கு நவம்பர் முதல் பெப்ரவரி வரை. யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்களில் உறவினர் வீட்டுக்குப் போக நேர்ந்தால் மணல்மேட்டை வாகனத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கோடை நண்பகலில் மணலின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். இந்த ஆண்டுகளில் நோன்பு மாதம் பெப்ரவரி, மார்ச்சை ஒட்டி, அதாவது மணல்மேட்டுக்கு உகந்த காலத்திலேயே வருகிறது. நோன்போடு மேடேற வேண்டாம். தண்ணீர் குடிக்க முடியாத நிலையில் அங்கே கால் வைப்பதே சரியல்ல.

கட்டாரில் இருப்பவர்களுக்கு இரண்டு இடங்கள். டோஹாவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் பாடும் மணல்மேடுகள் இருக்கின்றன. உலர்ந்த, ஒரே அளவான மணல் செங்குத்து முகத்தில் ஒன்றாகச் சரியும்போது ஆழமான உறுமல் ஒலி எழும்பும். மழைக்குப் பின்னோ ஈரப்பதம் கூடிய நாளிலோ அது வாய் திறக்காது. முதல்முறை போகிறவர்களுக்கு இதையே நான் சொல்வேன்: மேடுகள் சிறியவை, நகரம் பக்கம். தென்கிழக்கு எல்லையில் உள்ள கோர் அல் உதைத் வேறு தரம். கடல் பாலைவனத்துக்குள் புகுந்து உள்கடலாக நிற்கும் இடம் அது. தார்ச்சாலை கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனமும் அனுபவமுள்ள சாரதியும் இல்லாமல் போகக்கூடாது. மறுகரையில் சவூதி எல்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தில் டுபாய் – ஹத்தா வீதியை ஒட்டிய அல் பதாயர் மேட்டை ‘பிக் ரெட்’ என்பார்கள். ஏறத்தாழ 100 மீற்றர் உயரம், அழகான சிவப்பு மணல். ஆனால் விடுமுறை நாளில் அங்கே நான்கு சக்கர மோட்டார்கள் எல்லாத் திசையிலும் பறக்கும். நடப்பவர்களுக்கு அது ஏற்ற இடம் என்று நான் நினைக்கவில்லை. போவதென்றால் வேலை நாள் விடியற்காலையில் போங்கள். உண்மையான பெரிய மணலைப் பார்க்க அபுதாபியின் லிவா சோலைக்குப் போகவேண்டும். அது ரூப் அல் காலி என்ற மாபெரும் வெறுமணல் பாலைவனத்தின் வடக்கு விளிம்பு. அதன் பரப்பு ஏறத்தாழ 650,000 சதுர கிலோமீற்றர், இலங்கையைப்போல் பத்து மடங்கு. லிவாவின் மொரீப் மேடு ஏறத்தாழ 300 மீற்றர் உயரம் என்று சொல்லப்படுகிறது. அதன் செங்குத்து முகத்தில் வாகனங்கள் போட்டிக்கு ஏறும். நடையர்கள் பக்கவாட்டு முகட்டைத் தேடவேண்டும்.

ஓமானின் ஷர்க்கியா மணல்வெளியில் தொடர்மேடுகள் வடக்குத் தெற்காகக் கிடக்கின்றன. முகட்டு நடைக்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

ராஜஸ்தான் போகிறவர்கள் ஜோத்பூரிலிருந்து ரயிலில் ஜெய்சல்மேர் போய், அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் மேற்கே உள்ள சாம் மேடுகளையோ, தென்மேற்கே உள்ள குரி கிராமத்தையோ தேர்ந்தெடுக்கலாம். சாமில் ஒட்டகமும் பாட்டும் கூட்டமும். குரி அமைதியானது. இலங்கைக் கடவுச்சீட்டில் போகும் நாம் அங்கே வெளிநாட்டவர் என்பதை மறந்துவிடக்கூடாது. இந்தச் சுற்றுலா இடங்களுக்கு அப்பால் பாகிஸ்தான் எல்லைப் பகுதி. உரிய அனுமதியின்றி உள்ளே போகக்கூடாது. செய்மதித் தொலைபேசியை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோவதும் குற்றம். பாதுகாப்புக்காக என்று யாராவது இரவல் தந்தால் வாங்கிப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: ஊரிலேயே காலைப் பழக்குங்கள்

உலர்ந்த மணலில் நடப்பதற்கு, அதே வேகத்தில் உறுதியான தரையில் நடப்பதைவிட இரண்டு முதல் இரண்டரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வு இதை 2.1 முதல் 2.7 மடங்கு என்று அளந்தது. இது சமதரை மணலுக்கான கணக்கு. ஏற்றம் தனி.

நமக்கு வாய்த்த வசதி என்னவென்றால், பயிற்சிக்கூடம் வாசலிலேயே இருக்கிறது. உப்புவெளிக் கரையில் விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி வடக்கே சாம்பல்தீவுக் களப்பு கடலோடு கலக்கும் இடம்வரை போய்த் திரும்புங்கள். களப்பு முகத்தைக் கடக்க வேண்டாம், அங்கே நீரோட்டம் நம்பத்தக்கதல்ல. முதல் வாரம் ஈரமணலில். அடுத்த வாரம் போகும்போது ஈரத்தில், வரும்போது மேலே காய்ந்த மணலில். அதற்கடுத்த வாரம் இரண்டும் காய்ந்த மணலில். பிறகு முதுகுப்பையில் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, பின்னர் மூன்று. நாலாவது வாரத்தில் பின்கால் தசை முறையிடாமல் ஒன்றரை மணி நேரம் நடக்க முடிந்தால் 100 மீற்றர் மேடு உங்களுக்குச் சரி.

கடற்கரையில் ஏற்றம் இல்லையே என்றால், பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில்வரை ஏறும் வீதி இருக்கிறது. பையோடு இரண்டு முறை ஏறி இறங்குங்கள். மான்களுக்கு உங்கள் பையில் இருப்பதைக் கொடுக்காதீர்கள்.

கரைவலை இழுப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். குதிக்காலை மணலில் ஆழப் புதைத்து, உடலைச் சாய்த்து, முழங்காலைச் சிறிதே மடித்து, சிறுசிறு அடியாகப் பின்வாங்குவார்கள். யாரும் நீட்டி அடி வைப்பதில்லை. மணல்மேட்டில் இறங்கும்போது உங்களுக்கு வேண்டியது அந்தக் குதிக்கால் ஊன்றல்தான். கேட்டால் இழுக்கவும் விடுவார்கள். அரை மணி நேரம் இழுத்துப் பார்த்தால் பயிற்சியின் அருமை தெரியும்.

புல்மோட்டைப் பக்கம் போனால் இன்னொன்றையும் உணரலாம். அங்கே இல்மனைற் கலந்த கறுப்பு மணல் வெயிலில் மிக விரைவாகச் சூடேறும். காலை ஒன்பது மணிக்கே வெறுங்காலை வைக்க முடியாது. பாலைவனத்தில் பத்து மணிக்குப் பிறகு சப்பாத்தைக் கழற்ற ஆசை வரும்போது அந்தக் கறுப்பு மணலை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது இராவணன் மீசைப் புதரையும் அடம்பன் கொடியையும் மிதிக்காதீர்கள். காற்றில் ஓடும் மணலைப் பிடித்துக் கரைமேட்டைக் கட்டுவது அவைதான். 2004 டிசெம்பரில் மேடு கெடாமல் இருந்த கரைகளில் அலையின் வேகம் குறைந்ததை இந்தத் தீவே பார்த்தது. அடம்பன் கொடி திரண்டால் மிடுக்கு என்பது பழமொழிக்காக மட்டும் சொல்லப்பட்டதல்ல.

நான்காம் படி: மணற்காட்டில் ஓர் ஒத்திகை

விமானச் சீட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் யாழ்ப்பாணப் பக்கம் ஒரு நாள் போய்வரலாம். வடமராட்சி கிழக்கில் மணற்காடு என்ற ஊரில், நம் நாட்டில் பாலைவனத்துக்கு மிக நெருங்கிய தோற்றமுள்ள மேடுகள் இருக்கின்றன. மணல் விழுங்கிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் வெளியே தெரிகின்றன. மேடு நகரும் என்று படித்ததை அங்கே கண்ணால் பார்க்கலாம். உயரம் பெரிதில்லை. ஆனால் இறுகிய பக்கம், சரியும் பக்கம், முகடு மூன்றும் காலுக்குத் தனித்தனியாகத் தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. வடக்கின் வறண்ட மணலில் சுருட்டை விரியன் உண்டு. புதருக்குள் கைவிடாதீர்கள், இருட்டியபின் வெளிச்சமில்லாமல் நடக்காதீர்கள். அடுத்தது, போர் நடந்த பகுதி அது. ஆள் நடமாடும் தடத்தை விட்டு விலகிப் போகவேண்டாம். மணலில் எந்த உலோகப் பொருள் தெரிந்தாலும் தொடாமல் 119-க்கு அறிவியுங்கள். இதே கவனம் குவைத் பாலைவனத்திலும் தேவை. 1991 போரின் வெடிபொருட்கள் அங்கே இன்னும் அகப்படுகின்றன.

ஐந்தாம் படி: பையில் என்ன

தண்ணீர். நடக்கப்போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு ஒரு லீற்றர், அதற்கு மேல் இரண்டு லீற்றர் இருப்பு. குளிர்காலத்தில் பாதியே செலவாகும். மீதியைச் சுமந்து திரும்புவதில் நட்டமில்லை. ஒரே பெரிய கலனில் எடுக்காமல் இரண்டு மூன்று போத்தல்களில் பிரித்து வையுங்கள், ஒன்று ஒழுகினாலும் மற்றவை இருக்கும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சர்க்கரைத் தூளான ‘ஜீவனி’ பைக்கற்றுகள் சில ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே மயக்கத்தில் முடியும்.

சாரம். பழைய பருத்திச் சாரம் ஒன்று. தலையிலும் கழுத்திலும் சுற்றலாம், மணல்காற்றில் மூக்கையும் வாயையும் மூடலாம், நனைத்து நெற்றியில் போடலாம், இரண்டு தடிகளுக்கு இடையில் கட்டினால் நிழல். கடையில் விற்கும் பாலைவனத் தலைத்துணியைவிட இது எதிலும் குறைந்ததல்ல.

காலுக்கு, கணுக்காலை மூடும் இலேசான சப்பாத்தும் தடித்த காலுறையும். வலைத்துணியால் ஆன ஓட்டச் சப்பாத்து வேண்டாம், மணல் வடிகட்டியாகிவிடும். சப்பாத்தின் வாயை மூடும் துணி உறை கிடைத்தால் நல்லது; கிடைக்காவிட்டால் காலுறையைச் சப்பாத்தின் மேல் மடித்து ஒட்டுநாடா சுற்றினாலும் போதும். அதிகாலையில் குளிர்ந்த மணலில் வெறுங்கால் நடை பேரின்பம். ஆனாலும் சப்பாத்து பையில் இருக்கவேண்டும்.

நீளக்கை இலேசான சட்டை, பக்கமும் மூடிய கண்ணாடி, தொப்பி. தொடுவில்லை அணிபவர்கள் அன்று கண்ணாடிக்கு மாறுங்கள். குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை. இதைத்தான் நம் ஊர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். திருகோணமலையில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. ஜெய்சல்மேரில் சனவரி இரவு பத்துப் பாகைக்கும் கீழே போகும். உலர்ந்த மணல் சூரியன் மறைந்ததும் சூட்டை விரைவாக இழந்துவிடுகிறது.

சாப்பாடு குறைவாகவே போதும்: பேரீச்சம்பழம், உப்பிட்ட கச்சான், தோடம்பழம். கைத்தொலைபேசியையும் கமராவையும் பொலித்தீன் பையில் போட்டு மூடுங்கள். மேட்டில் நின்று கமரா வில்லையை மாற்றினால் அது உங்கள் கமராவின் கடைசி நாளாகலாம். தலையில் மாட்டும் டோர்ச், விசில், முகம்பார்க்கும் சிறு கண்ணாடி, திசைகாட்டி, கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர்.

ஆறாம் படி: மேடேறும் நாள்

சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அடிவாரத்தில் இருங்கள். இரவுப் பனியில் மேல்மணல் சற்று ஈரமாக இறுகியிருக்கும். அதே மேடு பத்து மணிக்கு இருமடங்கு கடினம். தாழ்ந்த வெளிச்சத்தில் மேட்டின் நெளிவுகள் நிழலோடு தெளிவாகத் தெரியும். நண்பகலில் எல்லாம் ஒரே வெளுப்பாகி, குழி எது, மேடு எது என்று கண் ஏமாறும்.

அடிவாரத்தில் நின்று உச்சியைப் பார்க்காதீர்கள், முகட்டைப் பாருங்கள். உச்சிக்குப் போகும் முதுகெலும்புக் கோடு ஒன்று எங்காவது தாழ்வாகத் தரையைத் தொடும். நடை அங்கே தொடங்குகிறது. நேராக மேட்டின் வயிற்றில் ஏறுவது குறுக்குவழி என்று தோன்றும். அப்படி ஏறியவர்கள் உச்சியில் படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம்.

அடி சிறிதாக இருக்கட்டும். பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில், தட்டையாக வையுங்கள். முன்விரலால் உந்தினால் மணல் பின்னால் ஓடும். முகட்டின் மிகக் கூரான விளிம்பில் கால் வைத்தால் அது உடைந்து சரியும் பக்கம் இழுக்கும். விளிம்புக்கு ஓர் அடி கீழே, காற்று மோதும் பக்கமாக நடங்கள். குழுவாகப் போனால் முன்னால் போகிறவரின் காலடிக் குழியிலேயே பின்னால் வருபவர் கால் வைக்கவேண்டும். முன்னவருக்குத்தான் களைப்பு அதிகம், ஆகையால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். செங்குத்தான இடம் குறுக்கிட்டால் நேரே மோதாமல் சாய்வாக வெட்டி வெட்டி ஏறுங்கள்.

வேகத்துக்கு ஒரு சோதனை: ஏறிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடியவேண்டும். சொற்கள் உடைந்தால் நில்லுங்கள். தாகம் வரும்வரை காத்திருக்காமல் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய் குடியுங்கள்.

தரையில் கால் மணி நேரத்தில் முடியும் கிலோமீற்றருக்கு மணலில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், ஏற்றத்துக்கு அதற்கு மேலும். தொடங்கும்போதே திரும்பும் நேரத்தையும் முடிவு செய்யவேண்டும். எட்டரைக்குத் திரும்புவது என்று சொன்னால், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் எட்டரைக்குத் திரும்புங்கள். பாலைவனத்தில் உச்சி என்பது பொய்யும்கூட: அதைத் தொட்டதும் பின்னால் உயரமான இன்னொன்று நிற்கும்.

இறக்கம் பரிசு. செங்குத்து முகத்தில் நெஞ்சை நிமிர்த்தி, குதிக்காலை அழுத்திப் புதைத்து, நீட்டி நீட்டி அடி வையுங்கள். மணலும் உங்களோடு வழிந்து வரும். அரை மணி நேரம் ஏறியது சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஓடலாம், ஆனால் அடிவாரத்தில் மணல் திடீரென்று இறுகும் இடத்தில் முழங்கால் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இறங்காமல் பக்கம் பக்கமாக இறங்குங்கள். இறங்குவதற்கு முன் ஒரு கேள்வி: இந்தப் பள்ளத்திலிருந்து திரும்ப ஏறாமல் வண்டிக்குப் போக முடியுமா? முடியாது என்றால் வந்த முகட்டாலேயே திரும்புங்கள். களைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்தப் பள்ளங்களில்தான்.

ஏழாம் படி: வழி தவறாமல் இருக்க

வண்டியை விட்டு நகருமுன் அதன் இடத்தைத் தொலைபேசி வரைபடத்தில் குறித்துச் சேமியுங்கள். வலையமைப்பு இல்லாமலும் வேலை செய்யும்படி வரைபடத்தை முதல் நாளே இறக்கி வைக்கவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். திரும்பும்போது தெரியும் காட்சி வேறு. காலடித் தடத்தை நம்பவேண்டாம், காற்று கிளம்பினால் சிறிது நேரத்தில் அது இல்லை.

இரவில் தங்குபவர்களுக்குத் துருவ நட்சத்திரம் உதவும். ஓர் இடத்தின் அகலக்கோடு எவ்வளவோ, அந்த நட்சத்திரமும் அடிவானிலிருந்து அவ்வளவு பாகை உயரத்தில் நிற்கும். திருகோணமலையில் அது எட்டரைப் பாகை, நீட்டிய கையின் முஷ்டிக்கும் குறைவு. கடல் மங்கலில் பெரும்பாலும் மறைந்துவிடும். டோஹாவில் 25, ஜெய்சல்மேரில் 27. கையை நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாணுக்குச் சற்று மேலே தேடுங்கள்.

வழி தவறிவிட்டது என்று தோன்றினால் முதலில் உட்காருங்கள். பிறகு அருகிலுள்ள உயரமான முகட்டில் ஏறிப் பாருங்கள், விசில் ஊதுங்கள், கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டுங்கள். வண்டி பக்கத்தில் இருந்தால் அதை விட்டு நடக்கவே கூடாது. மேலிருந்து தேடுபவர்களுக்கு மனிதனைவிட வண்டி எளிதில் தெரியும். அவசர அழைப்பு எண்கள்: அமீரகத்திலும் கட்டாரிலும் 999, ஓமானில் 9999, இந்தியாவில் 112.

எட்டாம் படி: வெப்பத்தை நம் ஊர் வெப்பமாக எண்ணவேண்டாம்

திருகோணமலையில் வியர்வை உடலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு வியர்த்தோம் என்று சட்டையே சொல்லும். உலர்ந்த பாலைவனத்தில் வியர்வை வந்த கணமே ஆவியாகிவிடுகிறது. தோல் காய்ந்தே இருக்கும், வியர்க்கவில்லை என்று நினைப்போம், உள்ளே நீர் வற்றிக்கொண்டிருக்கும். சிறுநீரின் நிறமே நம்பத்தக்க அளவுகோல். அடர்மஞ்சள் என்றால் நீங்கள் ஏற்கனவே பின்தங்கிவிட்டீர்கள்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நடை அத்தோடு முடிந்தது. நிழல், ஜீவனி, ஓய்வு. பேச்சு குழறினால், கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னால், தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். அவசர எண்ணை அழைத்துவிட்டு, ஆளை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, கைவசமுள்ள தண்ணீரை உடலில் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம்.

மீதிச் சில்லறைகள்

வாகனங்கள் ஓடும் மேடுகளில் முகட்டுக்குச் சற்றுக் கீழே உட்காரவே கூடாது. மறுபுறமிருந்து வேகமாக ஏறிவரும் சாரதிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். நடையில் நேரும் மற்ற எல்லா ஆபத்தையும்விட நான் அஞ்சுவது இதைத்தான். பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள்.

குழந்தைகள் மணலில் ஆழக் குழியோ சுரங்கமோ தோண்ட விடாதீர்கள், உலர்மணல் எச்சரிக்காமல் மூடும். அரேபியப் பாலைவனத்தில் கொம்பு விரியன் மணலுக்குள் கண் மட்டும் வெளியே தெரியப் புதைந்து கிடக்கும். புல்கற்றைகளின் அருகே பார்த்து நடங்கள், காலையில் சப்பாத்தைத் தட்டிவிட்டு அணியுங்கள். வளைகுடாக் கரையோரத்தின் உப்புச் சமவெளிகள் நிலாவெளி உப்பளம் போல் வெண்மையாக உறுதியாகத் தெரியும், ஆனால் மேலோடு உடைந்தால் வண்டி அச்சுவரை இறங்கும். மழை முன்னறிவிப்பு இருந்தால் போகவே வேண்டாம். 2024 ஏப்ரல் 16-இல் அமீரகத்தில் பெய்த மழை நகரங்களையே நிறுத்திவிட்டது. இடி கேட்டால் முகட்டை விட்டு உடனே இறங்குங்கள்.

சாரதி டயர்க் காற்றைக் குறைக்காமல் மணலில் இறங்கினால் அவருக்கு மணல் பழக்கமில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒற்றை வண்டியில் உட்பகுதிக்குப் போகாதீர்கள், இரண்டாவது வண்டி இழுத்தெடுக்கத் தேவைப்படும்.

புறப்படுமுன் நகரத்தில் இருக்கும் ஒருவரிடம் எந்த மேடு, யார் யார், எந்த வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுத்தில் அனுப்புங்கள். அந்த நேரம் கடந்து ஒரு மணி நேரமாகியும் செய்தி வராவிட்டால் பொலிஸை அழைக்கும்படி சொல்லுங்கள். தார்ச்சாலையை எட்டியதும், சப்பாத்து மணலைக் கொட்டுவதற்கு முன்பே, திரும்பிவிட்டோம் என்று அவருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள்.